சிப் இல்லாத போர்டு சொன்ன பதில்

எங்கள் மூன்றாவது மாடியில் ஒரு வழக்கம் உண்டு. யார் தப்புச் செய்தாலும் அன்றைக்கு மத்தியானம் அத்தனை பேருக்கும் அவர்தான் தேநீர் வாங்கித் தர வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் எங்கள் ஜோங்ஹே நகரத்து ஆபீஸ்களில் இது இல்லாத இடம் எனக்குத் தெரியாது. தப்புச் செய்தவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனை எடுப்பான். நாங்கள் சுற்றி நின்று, "எனக்கு அரை இனிப்பு, ஐஸ் வேணாம்" என்று கத்துவோம். குடித்து முடித்ததும் தப்பும் முடிந்துவிடும். நான் நிறைய வாங்கிக் கொடுத்திருக்கிறேன். டெஸ்ட் மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது தலையெழுத்து.

எங்களுக்கு வேண்டியதையெல்லாம் வாங்கிப் போடும் பெங் லான்-யிங், எல்லோருக்கும் லான் அக்கா, அதுவரை ஒரு தடவைகூடத் தேநீர் வாங்கியதில்லை. தப்பே செய்ததில்லை, அதனால்தான். அதை வாய்க்கு வாய் சொல்லிக் காட்டவும் செய்வார். "என் காசுல நீங்கள்லாம் தேநீர் குடிக்கற நாள் வந்தா, அன்னைக்கு நான் வேலையை விட்டுட்டுப் போயிடறேன்" என்பார். எங்களுக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான். ஒரு நாளாவது இந்த அம்மா மாட்டாதா என்று நாங்கள் காத்திருந்தோம் என்றுகூடச் சொல்லலாம்.

நாங்கள் செய்வது பஸ்களின் பின்பக்கக் கேமராவுக்கான பெட்டி. பஸ் பின்னால் போகும்போது ஓட்டுகிறவர் முன்னால் இருக்கும் திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அந்தக் கோடையில் ஜப்பானுக்கு அனுப்பிய பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. வெயில் ஏறினால் திரையில் படம் மேலும் கீழுமாக உருளுகிறது என்றார்கள். ஒரு பஸ் டிப்போ சுவரிலேயே போய் இடித்துவிட்டது. நல்ல வேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் முதலாளி ஜியானுக்கு ஜப்பான்காரர் முன்னால் தலைகுனிவதை விடப் பெரிய வேதனை உலகத்தில் இல்லை. போனில் பேசும்போதே முதுகை வளைத்து வளைத்து மன்னிப்புக் கேட்டார். வைத்த கையோடு எங்களைப் பார்த்துத் திரும்பினார். "திங்கக்கிழமை மீட்டிங்ல எனக்குக் காரணம் தெரியணும். யாருன்னும் தெரியணும்" என்றார்.

காரணம் சொல்ல வேண்டியவன் கெங்-வெய். எனக்குப் பக்கத்து இருக்கை. டிரைவர் எழுதுகிறவன். டிரைவர் என்றால் பஸ் ஓட்டுகிறவர் இல்லை, பெட்டிக்குள் இருக்கும் சிப்பை ஓட்டுகிற புரோகிராம். இரண்டுமே யார் பேச்சையும் கேட்காது என்பது வேறு விஷயம். கெங்-வெய் கெட்டிக்காரன், அது அவனுக்கும் தெரியும். மற்றவர்கள் பேசி முடிக்கும் முன்பே தலையை ஆட்ட ஆரம்பித்துவிடுவான்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் திரும்பி வந்த பெட்டி ஒன்றைத் திரையோடு இணைத்தான். கேமராவிலிருந்து வரும் படத்தை வாங்கித் தருவது அதில் ஒரே ஒரு சிப். முதலில் கே-7 என்ற சிப்பைப் போட்டுக்கொண்டிருந்தோம். அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள், பதிலுக்குக் கே-8 வந்தது. லான் அக்கா வாங்கியது கே-8. சிப்பின் மண்டையிலும் கே-8 என்றே எழுதியிருந்தது.

"பழுது பாக்கறவங்களுக்குன்னே ஒரு கட்டளை இருக்கு முதலாளி" என்றான் கெங்-வெய். "போர்டுல இருக்கற சிப்பைப் பாத்து 'நீ யாரு'ன்னு கேக்கலாம். சிப் தன் பேரைச் சொல்லும். இப்போ பாருங்க."

கட்டளையைத் தட்டினான். திரையில் பெரிய எழுத்தில் பதில் வந்தது. கே-7.

இன்னொரு பெட்டியை இணைத்தான். கே-7. இன்னொன்று. அதுவும் கே-7.

"மேல எழுதியிருக்கறது எட்டு. உள்ள கேட்டா ஏழுங்குது. அர்த்தம் ஒண்ணுதான். பழைய போர்டுலேருந்து கழட்டின, தேஞ்சுபோன கே-7ஐ மண்டையைச் சுரண்டி, எட்டுன்னு புது எழுத்து அடிச்சு, நம்ம தலையில கட்டிட்டாங்க."

"யாரு?" என்றார் முதலாளி.

கெங்-வெய் திரும்பி லான் அக்காவைப் பார்த்தான். வாயால் பேரைச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவன் பார்த்ததும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

லான் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "ஓவ் அண்ணன் கடையிலதான் வாங்கினேன். நான் இந்த வேலைக்கு வந்த நாள்லேருந்து அவர்கிட்டதான் வாங்கறேன். அவர் அப்படிச் செய்யற ஆள் இல்ல."

"அக்கா, நான் ஒண்ணும் சொல்லலையே" என்றான் கெங்-வெய். "சிப்பே சொல்லுது."

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. எங்கள் ஊரில் மெஷின் ஒழுங்காக ஓடுவதற்கு அதன் மேலே பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலம் வைப்போம். "அக்கா, இந்தச் சிப்புக்கெல்லாம் பச்சைப் பொட்டலம் ஒண்ணு போதாது. கடையையே தூக்கிட்டு வந்து வச்சாத்தான் ஓடும்" என்றேன். அறை முழுக்கச் சிரித்தது. முதலாளிகூட.

லான் அக்கா வராந்தாவுக்குப் போய் ஓவ் அண்ணனுக்குப் போன் போட்டார். கதவை மூட மறந்துவிட்டாரோ, மூடக்கூடாது என்று நினைத்தாரோ, ஒவ்வொரு சொல்லும் எங்கள் காதில் விழுந்தது. "திருடன்கூட மூஞ்சியை மறைச்சுக்கிட்டுத்தான் திருடுவான். நீங்க என் முன்னாடி உக்காந்து தேநீர் ஊத்திக் கொடுத்துக்கிட்டே ஏமாத்தினீங்களே! என் பேச்சை நம்பி எத்தனை கம்பெனி உங்ககிட்ட வாங்குது தெரியுமில்ல? ஒவ்வொருத்தருக்கும் நானே சொல்றேன்." சொன்னபடியே செய்தார். அன்றைக்கே ஒவ்வொரு கம்பெனியாகக் கூப்பிட்டு, ஓவ் போலி சிப் விற்கிறான் என்று சொல்லி முடித்தார். தன் மானம் போன வேகத்தில் ஓவ் அண்ணன் மானத்தையும் இழுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் இரண்டு கையிலும் பை பையாகத் தேநீரோடு வந்தார். யாரும் கேட்கவில்லை. யாரிடமும் என்ன வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை. யாருக்கு எவ்வளவு இனிப்பு, யாருக்கு ஐஸ் ஆகாது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் முன்னால் நின்று தலை குனிந்தார். "என்னால எல்லாருக்கும் கஷ்டம். மன்னிச்சுக்கங்க" என்றார். பிறகு ஒவ்வொரு மேசையாக வைத்துக்கொண்டு போனார்.

"கெங்-வெய், சேப்பங்கிழங்குப் பால் தேநீர், இனிப்பு இல்லாம. உனக்குத்தானே?"

"ஆமாங்கக்கா" என்று வாங்கிக் குடித்தான். நானும் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாளே அவரைக் கீழ்த்தளத்துக் கிடங்குக்கு மாற்றினார் முதலாளி. அட்டைப் பெட்டிகளில் லேபிள் ஒட்டுகிற வேலை. வீட்டுக்கு அனுப்பலாமா என்று யோசிப்பதாகவும் பேச்சு அடிபட்டது. ஓவ் அண்ணன் பம்பளிமாஸ் பழக்கூடையோடு ஒரு நாள் வாசல் வரை வந்தார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். அதை யாரும் தொடவில்லை.

கிடங்குக்குப் போகும் முன் லான் அக்கா ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தார். ஒரு போர்டிலிருந்து அந்தச் சிப்பைக் கழற்றித் தரச் சொன்னார். லேபுக்கு அனுப்பி உடைத்துப் பார்க்க வேண்டுமாம். "உள்ள என்ன இருக்குன்னு என் கண்ணால பாக்கணும்" என்றார். போர்டில் சிப்பைப் பற்றவைக்கும் பெண்கள் கழற்றியும் கொடுத்துவிட்டார்கள். முதலாளிதான் மறுத்துவிட்டார். "அழுகின பழத்தை வெட்டிப் பாக்க எனக்கு நேரமில்ல." சிப் அக்காவின் டிராயருக்குள் போனது. சிப்பைக் கழற்றிய போர்டு மற்றப் போர்டுகளோடு கலந்து, கெங்-வெய்யின் மேசைத் தட்டில் வந்து கிடந்தது.

இனி சொல்வது அவனே பிறகு என்னிடம் சொன்னது.

எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, மேசையில் தலை வைத்துத் தூங்குகிற நேரம் உண்டு. அக்கா கிடங்குக்குப் போன பிறகு ஒரு நாள், அப்படி எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தோம். நான் குறட்டை விட்டேனாம். கெங்-வெய்க்குத் தூக்கம் வரவில்லை. போலி சிப்பாகவே இருந்தாலும் ஏதாவது செய்து படம் உருளாமல் பண்ண முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். தட்டிலிருந்து கைக்கு வந்த போர்டை எடுத்து இணைத்தான். பழக்க தோஷத்தில் அந்தக் கட்டளையைத் தட்டினான். நீ யார்?

கே-7.

படம் மட்டும் வரவில்லை. கம்பி சரியாகச் சேரவில்லையோ என்று குனிந்து பார்த்தான். சிப் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. பல் விழுந்த ஈறு மாதிரி, வரிசையாக ஈயப் புள்ளிகள் மட்டும்.

மறுபடி கேட்டான். நீ யார்? கே-7.

இல்லாத சிப் எப்படிப் பேரைச் சொல்லும்? கேள்வி முதலில் போய்ச் சேருவது போர்டில் தனியாக இருக்கும் டிரைவரிடம்தான். அதை, தன் கையால் எழுதியதையே, திறந்து தேடினான். கொஞ்ச நேரத்தில் அந்த வரி கிடைத்தது. இந்தப் பெட்டியை முதன்முதலில் செய்தபோது சிப்பின் மாதிரி வந்து சேரவில்லை. கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாமல் மீதிப் புரோகிராம் நகரவில்லை. அதனால் யார் கேட்டாலும் கே-7 என்று சொல்லிவிடு என்று ஒரு வரி எழுதியிருந்தான். பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டிருந்தான்: தற்காலிகம், சிப் வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், எங்கள் தொழிலில் தற்காலிகம் என்று எழுதுகிறவனின் விரலை அங்கேயே பிடித்து நிறுத்த வேண்டும். சிப் வந்தது. வந்தது கே-7தான் என்பதால், அந்தப் பொய் தற்செயலாக உண்மையாகவும் இருந்துவிட்டது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பின்னால் கே-8 வந்தபோது அதற்கு வேண்டிய அமைப்பையும் கெங்-வெய் ஒழுங்காகவே எழுதினான். சிப் கே-8 என்று சொன்னால் இப்படி ஓட்டு, கே-7 என்று சொன்னால் அப்படி ஓட்டு. ஆனால் சிப்பை யாரும் கேட்கவே இல்லை. கேள்வி சிப் வரைக்கும் போகாமல் அந்த ஒரு வரியிலேயே முட்டித் திரும்பி வந்தது. புது சிப்பைப் பழைய முறையில் ஓட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் ஏசி அறையில் அது எப்படியோ தாக்குப்பிடித்தது. பஸ்ஸின் சூட்டில் பிடிக்கவில்லை.

சுரண்டியவரும் இல்லை, ஏமாற்றியவரும் இல்லை. எல்லாமே அசல் கே-8.

விளக்கு இன்னும் எரியவில்லை. அவன் அந்த வரியை எடுத்துவிட்டு, சிப்பிடம் உண்மையாகவே கேட்கிற மாதிரி எழுதினான். சிப் இருக்கிற வேறொரு போர்டை எடுத்து இணைத்துக் கேட்டான். கே-8. புகார் வந்த பிறகு சோதனைக்கென்று வாங்கிய சூட்டு அடுப்புக்குள் வைத்தான். படம் கல் மாதிரி நின்றது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் பக்கத்தில் தூங்குகிற ஒவ்வொருத்தரையும் பார்த்தானாம், யாராவது முழித்துக்கொண்டு பார்க்கிறார்களா என்று. திருடனுக்கு இருக்கிற அதே பயம்.

விளக்கு எரிந்தபோது அவனிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. "முதலாளி, டிரைவர்ல கொஞ்சம் மாத்தியிருக்கேன். இனி உருளாது."

அதில் பொய் ஒன்றும் இல்லை, பாருங்கள். அதுதான் அதில் இருக்கிற அசிங்கம்.

முதலாளி வந்து பார்த்தார். அடுப்பைத் தொட்டுப் பார்த்தார், திரையைப் பார்த்தார். கெங்-வெய்யின் முதுகில் ஓங்கித் தட்டினார். "அழுகின சரக்கை வச்சே ஓட வச்சுட்டான்டா! இவன்தான்டா ஆளு!" என்று கத்தினார். நாங்கள் கை தட்டினோம். டெஸ்ட் மேசைக்காரன் நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், என்ன மாற்றினாய் என்று. கேட்கவில்லை. வேலை முடிந்தால் சரி என்று இருந்தேன்.

சத்தம் கேட்டு லான் அக்கா கிடங்கிலிருந்து மேலே வந்தார். துணிக் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. விஷயத்தைக் கேட்டதும் நேராகக் கெங்-வெய்யிடம் போய் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான் பண்ணின தப்பை நீ சரி பண்ணிட்டே. முதலாளி என்னை வீட்டுக்கே அனுப்ப இருந்தாரு. உன்னாலதான் நான் பொழச்சேன். இந்த உதவியை மறக்க மாட்டேன்."

"பரவால்லக்கா" என்றான் கெங்-வெய்.

அந்த ஒரு வார்த்தைதான் அவனைத் தின்றுவிட்டது. அன்று சாயங்காலமே என்னை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனான். படியில் உட்கார்ந்து முழுக்கதையையும் சொன்னான். நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. உனக்குத்தான்."

"அப்போ வாயை மூடிக்கிட்டு இருடா. பெட்டி ஓடுது. அக்காவுக்கு வேலையும் போகல. நீ இப்போ போய்ச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?"

"மாவ்" என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். "அவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டு நன்றி சொன்னாங்கடா. நான் 'பரவால்லக்கா'ன்னேன். என்னவோ நான் பெரிய மனசு பண்ணி அவங்களை மன்னிச்ச மாதிரி!" இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "அவங்க வாங்கித் தந்த தேநீரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சேன். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு."

நானும் குடித்தவன்தானே. பச்சைப் பொட்டலம் என்று சொன்ன வாயும் இந்த வாய்தான்.

மறுநாள் கிடங்குக்குப் போனான். எனக்குப் போக இஷ்டமில்லை, அவன் கூப்பிட்டதால் போய்க் கதவோரம் நின்றேன். லான் அக்கா பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். வாங்குகிற வேலையில் இருந்தபோது எப்படி நேராக நிற்பாரோ, அப்படியே நின்று ஒட்டினார். ஒரு லேபிள்கூடக் கோணலாக இல்லை.

கெங்-வெய் சொன்னான். அழகாகச் சொல்லவில்லை. நடுவில் இரண்டு மூன்று தடவை நின்று, டிரைவர், வரி, பதில் என்று உளறிச் சொன்னான். அக்கா ஒட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்போ நான் வாங்கின சிப்?"

"அசல்க்கா. கே-8தான்."

"ஓவ் அண்ணன் குடுத்தது?"

"சரியான சரக்குதான்."

அக்கா அங்கிருந்த அட்டைப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். அது அமுங்கியது. திட்டுவார், அறைவார் என்றுகூட நான் எதிர்பார்த்தேன். கெங்-வெய்யும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றான் என்று நினைக்கிறேன். திட்டினால் அவனுக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"அக்கா, நான் முதலாளிகிட்டத் தனியாப் பேசிடறேன்" என்றான். "எல்லாத்தையும் எடுத்துச் சொல்லி உங்களை மறுபடி மேலயே..."

"தனியாவா?" அக்கா நிமிர்ந்து பார்த்தார். "என்னைப் பத்தித் தனியாவா சொன்னே?"

அவன் தலை தானாகக் குனிந்தது.

"எங்க சொன்னியோ அங்க சொல்லு. திங்கக்கிழமை, அதே திரையில, அதே ஆளுங்க முன்னாடி. மத்தபடி எனக்கு உன்கிட்டேருந்து ஒண்ணும் வேணாம்." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த லேபிளை எடுத்தார்.

நடுவில் வந்த நாட்களில் கெங்-வெய் சாப்பிட்டதையே நான் பார்க்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறப்பான், வறுத்த பன்றிக்கறியை ஓரமாகத் தள்ளிவிட்டு மூடிவிடுவான். முதலாளியோ போகிற இடமெல்லாம் அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அழுகின சரக்கை ஓட வைத்தவன் என்று வாசலுக்கு வந்த கூரியர்காரரிடம்கூடச் சொன்னார். ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் இவன் கூனிக் குறுகிப்போவான். பார்க்கிறவர்கள் அடக்கம் என்று நினைத்தார்கள்.

திங்கட்கிழமை வந்தது. லான் அக்காவைக் கிடங்கிலிருந்து கூப்பிட்டு அனுப்பச் சொன்னான் கெங்-வெய். முதலாளிக்கு எதற்கு என்று புரியவில்லை, ஆனால் இப்போது அவன் எது கேட்டாலும் சரிதான். அக்கா வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

கெங்-வெய் அந்தச் சிப் இல்லாத போர்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அதில் பழைய புரோகிராமையே மறுபடி போட்டிருந்தான். முதலில் பூதக்கண்ணாடிக் கேமராவின் அடியில் வைத்து, காலி இடத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினான். பிறகு போர்டை இணைத்து, போன தடவை தட்டிய அதே கட்டளையைத் தட்டினான்.

திரையில் வந்தது: கே-7.

பின்வரிசையில் யாரோ 'ஹே' என்று சிரித்தார்கள். விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள் போல. முதலாளியும் பாதி சிரித்தபடி, "என்னடா வித்தை இது?" என்றார்.

கெங்-வெய் போர்டின் காலி இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். காது மடல் வரை சிவந்துபோயிருந்தது. நான் என் நோட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது லான் அக்கா எழுந்தார். "எனக்குப் புரியற மாதிரி சொல்லு. அந்த இடத்துல சிப் இருக்கா?"

"இல்லக்கா."

"பதில் வருதா?"

"வருது."

"சிப்பே சொல்லுதுன்னியே அன்னைக்கு. அப்போ சொன்னது யாரு?"

"நான்தான்க்கா." எல்லோருக்கும் கேட்டது. "நான் எழுதி வச்ச பதில் அது. சிப்பை நான் கேக்கவே இல்ல. அக்கா வாங்கினது அசல் சரக்கு. படம் உருண்டது என் புரோகிராமால. நான் சரி பண்ணினதும் என் தப்பைத்தான், வேற எதையும் இல்ல. தெரிஞ்சப்புறமும் மறைச்சேன், நீங்க கை தட்டினப்போ நின்னு வாங்கிக்கிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் அன்றைக்கு லான் அக்காவைப் பார்த்துச் சிரிக்காதவர் ஒருவர்கூட இல்லை என்பதால், இப்போது யார் முகத்தை யார் பார்ப்பது என்று தெரியவில்லை.

முதலாளிதான் முதலில் சமாளித்தார். "சரி, சரி. மனுஷன்னா தப்புப் பண்றதுதான். லான், நாளைக்கே நீ மேல வந்துரு, பழைய இடத்துக்கு. கெங்-வெய், நீ தேநீருக்குச் சொல்லு, முடிஞ்சுது விஷயம்." எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஒருத்தன் போனை எடுத்தான். வெட்கக்கேடு, எனக்கும் அரை இனிப்பு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"விஷயம் இன்னும் முடியல" என்றார் லான் அக்கா.

அவர் உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் முதலாளியைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் போகப்போக யாரையும் பார்க்கவில்லை.

"இவன் சிப்பைக் கேக்காம பேர் சொன்னான். நான் மட்டும் என்ன? அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? போனை எடுத்ததும் திருடன்னேன். கூடையோட வாசல்ல வந்து நின்னாரு, சன்னல் வழியாப் பாத்துட்டு உள்ள போயிட்டேன். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். கடை ஷட்டர் இறங்கிக் கிடக்கு. யாரும் வாங்க வரலையாம்." கெங்-வெய் பக்கம் கை நீட்டினார். "எங்க சொன்னியோ அங்க சொல்லுன்னு இவன்கிட்ட வாய் கிழியச் சொல்லிட்டேன். இவன் ஒரு அறையில சொன்னான், ஒரு அறையில வந்து திருப்பிச் சொல்லிட்டான். நான் ஊர் பூராச் சொன்னேனே."

அத்தனை வருஷமாக நிமிர்ந்தே பார்த்த தலை அது. எங்கள் முன்னால் அது தாழ்ந்தது. அன்றைக்குத் தேநீரோடு வந்து குனிந்தாரே, அது செய்யாத தப்புக்குக் குனிந்தது, அதில்கூட ஒரு விறைப்பு இருந்தது. இதில் அது இல்லை.

பிறகு போனை எடுத்தார். வெளியே போகவில்லை. அங்கேயே, எங்கள் எல்லோர் முன்னாலும், முதல் எண்ணை அழுத்திக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள்.

"நான் லான் பேசறேன். ஓவ் அண்ணனைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொன்னேனில்ல... அது பொய். ஆமா, நான் சொன்னதுதான். பொய்."

அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார். வைத்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினார். கெங்-வெய் திரைக்குப் பக்கத்தில் நின்றபடியே நின்றான். நாங்கள் எழுந்து போகவும் முடியாமல், கேட்டுக்கொண்டிருக்கவும் முடியாமல், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தோம்.